ஆளில்லா வேவு விமானம்: பறக்கிற சின்ன விமானத்தை மாற்றுவதா, புதிதாகவே வாங்குவதா?

கடலோரத்தையோ எல்லையையோ இரவு பகலாகப் பார்த்துக்கொண்டிருக்க ஆளில்லா விமானம் வேண்டும், கையில் இருக்கும் பணமோ பெரிய அமெரிக்க விமானங்களுக்குப் போதாது. இந்த நிலையில் இருக்கும் எந்த நாட்டிலும் யாராவது ஒருவர் இந்த யோசனையைச் சொல்வார்: சந்தையில் ஏற்கெனவே பறந்துகொண்டிருக்கும் நாலு இருக்கை விமானம் ஒன்றை வாங்கி, இருக்கைகளைக் கழற்றி, அந்த இடத்தில் எரிபொருளும் கணினியும் வைத்தால் என்ன? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பலர் செய்தும் பார்த்திருக்கிறார்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருக்கையைக் கழற்றுவதால் மிச்சமாவது நாம் நினைப்பதைவிடக் குறைவு. எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்பதை இறக்கையைப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஆஸ்திரியாவின் டயமண்ட் டிஏ42 இந்த வேலைக்கு அதிகம் தேர்ந்தெடுக்கப்படும் விமானம். இரட்டை டீசல் எஞ்ஜின், ஜெட் விமானத்துக்கு ஊற்றும் அதே எரிபொருளில் ஓடும். 2004-ல் இது கனடாவிலிருந்து போர்ச்சுகலுக்கு அட்லாண்டிக்கை நிற்காமல் கடந்தபோது பன்னிரண்டரை மணி நேரம் பறந்தது, இரண்டு எஞ்ஜினும் சேர்ந்து மணிக்குச் சுமார் 22 லிட்டர்தான் குடித்தன. இப்போது விமானி, துணை விமானி, இருக்கைகள், முன்பக்கச் சாமான்கள் எல்லாவற்றையும் இறக்கி 200 கிலோ மிச்சம் பிடித்தோம் என்று வைத்துக்கொள்வோம். அதே இடத்துக்கு பறப்புக் கணினிகள் வரவேண்டும், அதுவும் ஒன்று செத்தால் இன்னொன்று எடுத்துக்கொள்ளும்படி இரண்டோ மூன்றோ. ஒவ்வொரு கட்டுப்பாட்டுப் பரப்பையும் அசைக்கும் மோட்டார்கள், செயற்கைக்கோள் ஆன்டெனா, கூடுதல் பேட்டரி, அதைச் சூடாகாமல் வைக்கும் ஏற்பாடு என்று பாதி எடை திரும்ப ஏறிவிடும். மீதி 100 கிலோவை எரிபொருளாக ஊற்றினால் 125 லிட்டர், அதாவது ஐந்தாறு மணி நேரம் கூடுதல். மோசமில்லை. ஆனால் ‘ஆளை இறக்கிவிட்டோம், இனி நாள் முழுக்கப் பறக்கும்’ என்று நினைத்தவருக்கு இது ஏமாற்றம்தான்.

இதே டிஏ42-ஐ அடிப்படையாக வைத்து இஸ்ரேலின் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் செய்த டாமினேட்டர், பின் இருக்கை இடத்தையும் சேர்த்து எரிபொருளுக்கு எடுத்துக்கொண்டு, இரண்டு டன் எடையில் 28 மணி நேரம் பறக்கும் என்று விளம்பரமானது. இந்த மாதிரி எண்களைப் படிக்கும்போது கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்த 28 மணி நேரமும் 400 கிலோ கருவிகளும் ஒரே பறப்பிலா? விற்பனைக் காகிதத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து வரியில் இருக்கும். ஓடுபாதையை விட்டுக் கிளம்பும்போது ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும்.

சரி, இறக்கைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? ஒரே இடத்தைச் சுற்றிக்கொண்டு அதிக நேரம் காற்றில் நிற்கவேண்டுமென்றால், மணிக்கு மிகக் குறைந்த சக்தி தேவைப்படும் வேகத்தில் பறக்கவேண்டும். அந்தச் சக்தி எடையைப் பொறுத்தும் இறக்கையின் நீளத்தைப் பொறுத்தும் அமைகிறது. டிஏ42-ன் இறக்கை முனைக்கு முனை பதின்மூன்றரை மீட்டர். சீக்கிரமாக ஊர் போய்ச் சேருவதற்கான இறக்கை அது, நின்று வேடிக்கை பார்ப்பதற்கானது இல்லை. இதற்கென்றே செய்த இஸ்ரேலின் ஆளில்லா விமானம் ஹெரானைப் பாருங்கள்: எடை ஒன்றேகால் டன், எஞ்ஜின் வெறும் 115 குதிரைத்திறன், இறக்கை 16.6 மீட்டர், நிறுவனம் சொல்லும் நேரம் 45 மணி. அந்த எஞ்ஜின் ரோடாக்ஸ் 914, பொழுதுபோக்குக்குப் பறப்பவர்களின் சின்ன விமானங்களில் இருக்கும் அதே எஞ்ஜின். அமெரிக்காவின் ஆளில்லா விமானமான பிரிடேட்டரிலும் அதுதான் இருந்தது. பிரிடேட்டரின் பெரிய தம்பியான கிரே ஈகிளில் இருப்பதோ டிஏ42-ன் முதல் டீசல் எஞ்ஜினின் உறவு, மூலம் மெர்சிடிஸ் கார் எஞ்ஜின். ஆக ‘இதற்கென்றே செய்த’ ஆளில்லா விமானங்களும் சிவிலியன் கடையிலிருந்துதான் எஞ்ஜினை எடுத்துக்கொள்கின்றன. உடலை மட்டும் எடுத்துக்கொள்வதில்லை. இதைக் கவனிக்காமல் பலர் உடலை எடுத்துக்கொண்டு எஞ்ஜினோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

அதற்குப் பழைய உதாரணம் வியட்நாம் போரிலேயே இருக்கிறது. வடவியட்நாமின் ஆட்களும் ஆயுதங்களும் போய்வந்த ஹோ சி மின் பாதையில் வீசப்பட்ட உணர்கருவிகளின் சமிக்ஞையை மேலே சுற்றிக்கொண்டே வாங்கித் தரைக்கு அனுப்ப, ஏராளமான ஆட்களோடு பறந்த பெரிய கான்ஸ்டலேஷன் விமானங்களுக்குப் பதிலாக, பீச்கிராஃப்ட் பொனான்ஸா என்ற குடும்ப விமானத்தை ஆளில்லாததாக மாற்ற அமெரிக்க விமானப்படை முயன்றது. பெயர் க்யூயூ-22பி. தாய்லாந்தின் நக்கோன் பனோமிலிருந்து பறந்தது. சத்தம் குறைய வேண்டுமென்று பல்சக்கரம் வைத்து விசிறியை மெதுவாகச் சுழலவிட்டார்கள், கருவிகளுக்கு மின்சாரம் வேண்டுமென்று பெரிய ஜெனரேட்டரை முன்மூக்கில் திணித்தார்கள். எஞ்ஜின் அடிக்கடி மக்கர் செய்தது, விமானங்கள் விழுந்தன. வேடிக்கை என்னவென்றால், ஆளில்லாமல் பறக்கத்தான் இவ்வளவும் செய்தார்கள், தொலைக்கட்டுப்பாட்டை நம்ப முடியாமல் கடைசிவரை உள்ளே ஒரு விமானியை உட்காரவைத்தே அனுப்பினார்கள். 1972-ல் மூட்டை கட்டியாயிற்று.

மின்சாரம் என்று சொன்னேன் அல்லவா, இதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். 2007 மார்ச்சில் ஜெர்மனியின் ஷ்பையர் ஓடுபாதையில் ஒரு டிஏ42. பேட்டரி இறங்கியிருந்தது, வெளி மின்சாரம் கொடுத்து எஞ்ஜின்களைக் கிளப்பினார்கள். மேலே எழும்பியதும் சக்கரங்களை உள்ளே இழுக்க, அந்த மோட்டார் இழுத்த மின்சாரத்தில் மின்னழுத்தம் கண நேரம் சரிந்தது. எஞ்ஜின்களை ஆளும் கணினிகள் அந்தக் கணத்தில் அணைந்து மீண்டும் தொடங்கின. இரண்டு எஞ்ஜினும் ஒரே நேரத்தில் நின்றுபோயின. இரட்டை எஞ்ஜின் எதற்கு, ஒன்று போனால் இன்னொன்று காப்பாற்றத்தானே? இரண்டுக்கும் பொதுவான ஒரு நரம்பு இருந்ததை அதுவரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு அதைச் சரிசெய்தார்கள். மாற்றப்பட்ட விமானம் வாங்கப்போகிறவர் இதை மறக்கக்கூடாது. அதே மின்கம்பிகளில் இப்போது ரேடார், கேமரா, செயற்கைக்கோள் இணைப்பு, விமானத்தையே ஓட்டும் கணினி எல்லாம் தொங்குகின்றன.

இந்தியாவில் இந்த வழியைப் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ முயன்றது நம் ஓசூர் பக்கத்தில்தான். 1980-களில் பெங்களூரு தேசிய வானூர்தி ஆய்வகத்தில் பேராசிரியர் ருஸ்தம் டமானியா தலைமையில், அமெரிக்கர் பர்ட் ரூட்டனின் லாங்-ஈஇசட் வடிவத்தைப் பின்பற்றி ஒரு சின்ன விமானம் கட்டினார்கள். வீட்டுக் கொட்டகையில் கட்டிக்கொள்கிறவர்களுக்காக வரைந்த வடிவம் அது, வாலுக்குப் பதில் மூக்கருகே சின்ன இறக்கை, விசிறி பின்னால். அதிலிருந்து வந்ததுதான் ருஸ்தம்-1, டமானியாவின் பெயரையே வைத்தார்கள். 2009 நவம்பரில் ஓசூர் அருகே தனேஜா நிறுவனத்தின் ஓடுதளத்தில் முதல் முயற்சி. தரையில் நின்று ஓட்டியவர் உயரத்தைத் தப்பாகக் கணித்து எஞ்ஜினை அணைக்கப்போக, விமானம் விழுந்தது. அடுத்த வருடம் அக்டோபர் 16-ல் ஒழுங்காகப் பறந்தது. இறக்கை எட்டு மீட்டருக்கும் சற்றுக் குறைவு, இலக்கு 12 மணி நேரத்துக்கு மேல், கருவிக்கு 75 கிலோ. படையில் சேர்க்கும் பொருளாக அது ஆகவில்லை. ஆனால் தானாக ஏறி இறங்குவது, தரைக்கட்டுப்பாடு, தகவல் இணைப்பு இதையெல்லாம் மலிவாகப் பழகிக்கொள்ள அது உதவியது. கற்றுக்கொள்ளத்தான் மாற்றுகிறோம் என்றால் மாற்றுங்கள், தப்பே இல்லை.

அடுத்து வந்த ருஸ்தம்-2, அதாவது தபஸ், முழுக்கப் புதிய உடல், இருபது மீட்டருக்கு மேல் இறக்கை. 2016 நவம்பரில் கர்நாடகத்தின் சள்ளகெரேயில் முதல் பறப்பு. 1,800 கிலோ என்று திட்டமிட்டது 2,850 கிலோவுக்கு ஊதியது. 30,000 அடியில் 24 மணி நேரம் என்ற இலக்குக்கு 28,000 அடி, 18 மணி நேரம் வரை வந்து நின்றது, 2024 தொடக்கத்தில் அவசர முன்னுரிமைத் திட்டங்களின் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். அதன் எஞ்ஜின்கூட டிஏ42-ல் இருக்கும் ஆஸ்ட்ரோ டீசல் வகைதான். புதிதாகச் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவரவில்லை என்பதற்கு இந்தக் கதை போதும்.

இப்போது எனக்குப் பிடித்த வகைக்கு வருகிறேன்: மோட்டார் கிளைடர். எஞ்ஜினை அணைத்தாலும் மிதக்கும் அளவுக்கு நீண்ட மெல்லிய இறக்கை, சின்ன எஞ்ஜின். 1970-களின் தொடக்கத்திலேயே ஷ்வைசர் கிளைடர் ஒன்றின் உடலில் டர்பைன் எஞ்ஜினைப் பொருத்தி 20 மணி நேரத்துக்கு மேல் பறக்கவைத்தார்கள், எக்ஸ்க்யூஎம்-93 என்று பெயர். படையில் சேராமலே போனது. பிறகு ஸ்லோவேனியாவின் பிபிஸ்ட்ரல் சைனஸ் என்ற 15 மீட்டர் இறக்கையுள்ள இரண்டு பேர் விமானத்தை அமெரிக்காவின் டிசைன் டெக்னாலஜீஸ் மாற்றியமைத்தது, பெயர் லீப். ஒரு முறை ஏறினால் 40 மணி நேரம். அதைத் தொடர்ந்து வந்த அல்ட்ரா, விளையாட்டுக் கிளைடர் வடிவத்தையே அடிப்படையாகக் கொண்டு, சுமார் 180 கிலோ கருவியோடு 80 மணி நேரம் வரை என்கிறார்கள். 2024-ல் மேற்காசியாவில் அமெரிக்க விமானப்படை அதைப் பறக்கவிடுவது வெளியே தெரிந்தது. மூன்று நாளுக்கு மேல் இறங்காமல்! தொடங்கிய உடலே மெதுவாக நிற்பதற்கென்று வரையப்பட்டதால் கிடைத்த லாபம் இது.

ஆனால் எல்லாக் கிளைடரும் இப்படி இல்லை. பிரெஞ்சுத் தரைப்படை 2016-ல் தேர்ந்தெடுத்த பேட்ரோலர், ஜெர்மனியின் ஸ்டெம்மே எஸ்15-ஐ அடிப்படையாகக் கொண்டது. இறக்கை 18 மீட்டர், எஞ்ஜின் ஹெரானுக்கு உள்ள அதே ரோடாக்ஸ், எடையும் ஏறக்குறைய அதே. ஆனால் நேரம் சுமார் 20 மணி. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டு போகிற அகலத்துக்குச் செய்த உடலை ஆளில்லாத போதும் காற்றில் தள்ளிக்கொண்டு போகவேண்டியிருப்பதும் இதற்கு ஒரு காரணம். 2019 டிசம்பரில் சோதனைப் பறப்பில் ஒன்று விழுந்தது. 2018 வாக்கில் வரவேண்டிய விமானங்களுக்குத் தகுதிச் சான்று கிடைக்க 2023 ஆகிவிட்டது. ‘ஏற்கெனவே சான்று பெற்ற விமானம்தானே, சீக்கிரம் முடியும்’ என்ற வாதத்தை யாராவது உங்களிடம் வைத்தால் இந்த வருடங்களைக் காட்டுங்கள். விமானி இருக்கும்போது வாங்கிய சான்று, விமானி இறங்கியதும் பெரும்பாலும் செல்லாது. இந்தியாவிலும் 2021 ட்ரோன் விதிகள் 500 கிலோ வரைதான். அதற்கு மேலே போனால் பெரிய விமானங்களுக்கான விதிகள்தான், ஆளிருந்தாலும் இல்லாவிட்டாலும்.

வேகம்தான் முக்கியம் என்பவர்களுக்கு இத்தாலியின் பியாஜியோ ஒரு பதில் வைத்திருந்தது. பி.180 அவந்தி என்ற தொழிலதிபர் விமானத்தை ஆளில்லாததாக்கி ஹேமர்ஹெட் என்று பெயரிட்டார்கள். 45,000 அடி உயரம், மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல் வேகம், நேரம் 16 மணி. 2013 நவம்பரில் பறந்தது, ஐக்கிய அரபு அமீரகம் எட்டு கேட்டது, 2016 மே மாதம் சிசிலிக்கு அருகே கடலில் விழுந்தது. அதன் பிறகு திட்டம் தலைநிமிரவில்லை. இதை ஒரு வரியில் தள்ளிவிடலாம், ஏனென்றால் சின்ன பட்ஜெட்காரருக்கு இது பொருந்தவே பொருந்தாது.

நடுவில் ஒரு கட்சி இருக்கிறது: வேண்டும்போது விமானி, வேண்டாதபோது இல்லை. அமெரிக்காவின் ஆரோரா செய்த சென்டார் டிஏ42-தான். சில மணி நேர வேலையில் ஒரு நிலையிலிருந்து மறுநிலைக்கு மாற்றலாம், சுவிட்சர்லாந்து ஒன்றை வாங்கியது. ஸ்பெயினின் இந்திரா, டெக்னாம் பி2006டி-யை எடுத்துக்கொண்டு இதே மாதிரி டார்கஸ் செய்தது. இன்னும் மலிவான வழி, இருக்கையைக் கழற்றி அந்த இடத்தில் ஓர் இயந்திர விமானியை வைத்து, அதுவே கைப்பிடியை இழுத்து, மிதியை மிதித்து, கேமராவால் மீட்டரைப் படித்து ஓட்டுவது. 2019 ஆகஸ்டில் யூட்டாவில் ஒரு செஸ்னா 206 அப்படி இரண்டு மணி நேரம் பறந்து இறங்கியது. இந்தக் கட்சிக்கு ஒரு பெரிய நன்மை: ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போகும்போது விமானியை உட்காரவைத்தால், நெரிசலான வான்வெளியில் சாதாரண விமானமாகவே போய்விடலாம், யாரும் வழியை மூடவேண்டாம். கெடுதல் என்னவென்றால் இருக்கை, கண்ணாடி, ஆக்ஸிஜன், கணினி, மோட்டார் எல்லாவற்றையும் எப்போதும் சுமக்கவேண்டும். கிடைக்கிற கூடுதல் நேரமும் கொஞ்சம்தான்.

பணத்துக்கு வருவோம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, இந்தத் துறைக்கு அது அப்படியே பொருந்தும். விமான உடல் சுண்டைக்காய். விமானத்துக்கு அடியில் சுழலும் கேமரா உருண்டை, ரேடார், தரைக்கட்டுப்பாட்டு அறை, செயற்கைக்கோள் வாடகை, சோதனைப் பறப்புகள், விழுந்த முதல் விமானத்துக்கு மாற்று, இவைதான் சுமைகூலி. செயற்கைக்கோள் வேண்டாம், நேரடி ரேடியோ போதும் என்றால், 10,000 அடியில் பறக்கும் விமானத்தைத் தரையிலிருந்து சுமார் 225 கிலோமீட்டர் வரைதான் பிடிக்கமுடியும், அதற்குமேல் பூமியின் வளைவு மறைத்துவிடும். ஆட்களும் குறைவதில்லை. மேலே இருந்த விமானி கீழே வந்து மூன்று ஷிப்டாகப் பெருகுகிறார். உயிர் ஆபத்து குறைகிறது, அது பெரிய விஷயம்தான், சம்பளப் பட்டியல் மட்டும் குறையாது.

கரையிலிருந்து 300 கிலோமீட்டர் தள்ளி ஓர் இடத்தை 24 மணி நேரமும் பார்க்கவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்கள் ஏறிய டிஏ42 எட்டு மணி நேரம் பறந்தால் (அதற்குமேல் உள்ளே இருப்பவர்கள் திரையைப் பார்க்கிறார்களா தூங்குகிறார்களா என்பது அவர்களுக்கே தெரியாது, கழிப்பறையும் கிடையாது) போகவர இரண்டேகால் மணி நேரம் கழித்து ஐந்தேமுக்கால் மணி நேரம் இடத்தில் நிற்கும். நாளைக்கு ஐந்து முறை ஏறி இறங்கவேண்டும். மணிக்கு 150 கிலோமீட்டரில் போகும் ஹெரான் வகை, 24 மணி நேரப் பறப்பில் போகவர நாலு மணி நேரம் போக 20 மணி நேரம் நிற்கும். கிளைடர் வகை 60 மணி நேரம் பறந்தால் போகவர ஐந்து மணி நேரம் போக 55. நேரத்தைவிட நான் இதில் பார்ப்பது இறங்கும் எண்ணிக்கையை. விமானங்கள் பழுதாவதும் உடைவதும் ஏறும்போதும் இறங்கும்போதும்தான் அதிகம். அதே சமயம் 200 கிலோமீட்டர் தள்ளி ஒரு படகு மூழ்குகிறது என்று தகவல் வந்தால், டிஏ42 முக்கால் மணியில் தலைக்கு மேல் இருக்கும். கிளைடர் ஒன்றரை மணிக்கு மேல் எடுத்துக்கொள்ளும், அதுவும் எதிர்க்காற்றோ பனி உறையும் மேகமோ இல்லையென்றால். நீண்ட மெல்லிய இறக்கைக்குப் பக்கக்காற்றும் ஆகாது. மத்தியதரைக்கடலில் ஐரோப்பிய எல்லைக் காவல் அமைப்பு 2021 முதல் மால்டாவிலிருந்து ஹெரானைப் பறக்கவிட்டாலும், ஆட்கள் ஏறிய சின்ன விமானங்களை விட்டுவிடவில்லை. அதற்கு இதுதான் காரணமென்று நினைக்கிறேன்.

பெரிய விமானம் வாங்கினால் விழாது என்றும் இல்லை. அரக்கோணத்தின் ராஜாளி தளத்திலிருந்து குத்தகைக்குப் பறந்துகொண்டிருந்த அமெரிக்காவின் பெரிய ஆளில்லா விமானம் எம்க்யூ-9பி ஒன்று 2024 செப்டம்பரில் சென்னைக்கு அப்பால் வங்கக் கடலில் இறங்கிப் போய்விட்டது. அடுத்த மாதமே அதே வகையில் 31 வாங்க இந்தியா கையெழுத்திட்டது. இழப்பைத் தாங்கும் பை உள்ளவர்களுக்கு அது சரி.

அப்புறம், எஞ்ஜினும் கண்ணும் யாருடையது என்று பார்க்கவேண்டும். 2020 அக்டோபரில், ஆர்மீனியா-அசர்பைஜான் கராபாக் போரில் துருக்கியின் ஆளில்லா விமானங்கள் பறந்துகொண்டிருந்தபோதே, கனடா தன் கேமரா உருண்டைகளைத் துருக்கிக்கு நிறுத்தியது, ரோடாக்ஸின் உரிமையாளரும் எஞ்ஜின் கொடுப்பதை நிறுத்தினார். பொழுதுபோக்கு விமானத்துக்கான பொருள்தானே என்ற எண்ணத்தில் வாங்கிய உதிரிகள் ஒரே மாதத்தில் அரசியல் பொருளாகிவிட்டன. டயமண்ட் நிறுவனம் 2017 முதல் சீனாவின் வான்ஃபெங் கையில் இருக்கிறது. டிஏ42-ஐ நம்பித் திட்டம் போடும் டெல்லிக்காரரோ தைவான்காரரோ அந்த ஒரு வரிக்காகவே இரவு தூக்கம் கெடலாம்.

என் தேர்வு இதுதான். தினமும் எட்டு மணி நேரத்துக்குள் முடிகிற வேலை, நட்பான வான்வெளி, அவ்வப்போது வேகமாக ஓடிப்போய்ப் பார்க்கவேண்டிய தேவை என்றால், ஆளை இறக்கவே வேண்டாம், டிஏ42-ஐயோ அதன் பெரிய அண்ணனான டிஏ62-ஐயோ கேமராவோடு விமானியோடு வாங்குங்கள், மிச்சப் பணத்தை நல்ல கேமராவில் போடுங்கள். ஒரே இடத்தை நாள் கணக்கில் பார்க்கவேண்டும், கடலோரத்தில் ஒதுக்குப்புறமான ஓடுதளம் ஒன்று இருக்கிறது என்றால் கிளைடர் உடலில் செய்த ஆளில்லா விமானம், அதுவும் ஏற்கெனவே யாரோ ஓட்டிக் காட்டிய வகை. மழை, பனி, எதிரியின் ரேடியோ இடையூறு எல்லாம் தாண்டி வருடம் முழுக்கப் பறந்தே ஆகவேண்டும் என்றால் ஹெரான், ஹெர்மஸ் மாதிரி இதற்கென்றே செய்தவை. சாதாரண நாலு இருக்கை விமானத்தை முழுக்க ஆளில்லாததாக மாற்றுவதை நான் வாங்குபவருக்குப் பரிந்துரைக்கமாட்டேன். சொந்தமாகச் செய்து பழக நினைக்கும் ஆய்வகத்துக்கு மட்டும், அதுவும் ஒன்றிரண்டு விழும் என்று முதல் நாளே பட்ஜெட்டில் எழுதிவைத்துவிட்டு.